பதினெட்டு இஞ்ச்

1996 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அபுதாபி ஆபீஸிலிருந்து கார்மேகத்துக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. பண்ணைக் காவலுக்கு ஆறு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கப் போகிறோம், ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது பண்ணை முதலாளியான அர்பாபின் உத்தரவு, பேரல் எத்தனை இஞ்ச் என்பதைக் காரணத்தோடு எழுதி வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பவும் என்று இருந்தது. அடியில் பர்ச்சேஸ் ஆபீசர் அனந்தகிருஷ்ணனின் கையெழுத்து.

கார்மேகத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சொந்த ஊர் கமுதிப் பக்கம். இந்திய ராணுவத்தில் பதினேழு வருடம் துப்பாக்கி பழுது பார்ப்பவராக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு பண்ணைத் துப்பாக்கிகளைக் கவனிக்க வந்தவர். அபுதாபியிலிருந்து ருவைஸ் போகிற பெருஞ்சாலையில் பாதி வழியில் தெற்கே திரும்பி, உப்புத்தரையைத் தாண்டி மணல்மேடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தப் பண்ணை. நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கம்பிவேலி. உள்ளே எண்ணூறு மான்கள். அர்பாப் அபு நாசர் ஆசையாக வளர்ப்பவை. வேலிக்குள் புகுகிற நாய்க்கூட்டத்தைச் சுடுவதும், கால் முறிந்து கிடக்கிற மானை அவஸ்தையில்லாமல் முடிப்பதும், திருட்டு வேட்டைக்கு வருகிறவர்களை விரட்டுவதும் காவலர்களின் வேலை. அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் நாலு தேசத்துச் சாமான். ஒன்றின் தோட்டா இன்னொன்றில் போகாது. மூன்று வருடமாக கார்மேகம் அவற்றோடு மாரடித்துக்கொண்டிருந்தார்.

ஃபேக்ஸுக்கு மறுநாள் ஏஜென்டின் ஆள் மாதிரிக்கு மூன்று ரைஃபிள்களைக் கொண்டுவந்து, போலீஸ் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வைத்துவிட்டுப் போனான். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே தோட்டா. பேரலின் நீளம் மட்டும் வேறு. பதினாறு, பதினெட்டு, இருபத்துநாலு. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவான்.

பேரலைப் பற்றி பண்ணையில் ஏற்கெனவே இரண்டு கட்சி இருந்தது. காவலர் தலைவர் இத்ரீஸ், சூடான்காரர், குட்டையான பதினாறைக் கையில் எடுத்தவுடனே இதுதான் என்றார். வண்டியில் ஏறி இறங்குகிறவனுக்கு நீளம் எதிரி என்பது அவர் கணக்கு. அர்பாபின் தங்கை மகன் முத்லக் இருபத்துநாலைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. முத்லக்குக்கு இருபத்தாறு வயது. பண்ணை நிர்வாகம் அவன் கையில். பணியாட்களின் பாஸ்போர்ட்டும் அவன் மேஜை டிராயரில். கார்மேகத்தின் விசா ஏப்ரலில் முடிகிறது.

"நீளமா இருந்தாதான் தூரம் போகும். இதுல பேச என்ன இருக்கு, உஸ்தாத்?" என்றான் உருதுவில். கைவேலை தெரிந்தவர்களை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சுட்டுப் பாத்துட்டு எழுதுறேன் சாப்."

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் கார்மேகம் சுட்டார். மணல்மேட்டின் அடியில் அட்டை நட்டு நூறு, இருநூறு, முந்நூறு மீட்டரில், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து ரவுண்டு. முந்நூறு மீட்டரில் பதினெட்டின் குண்டு, இருபத்துநாலின் குண்டைவிட நாலு விரல் அகலம் தாழ்ந்து விழுந்தது, அவ்வளவுதான். துளைகளின் நெருக்கத்தில் வித்தியாசமே இல்லை. பதினாறில் சத்தம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்த டிரைவர் யஹ்யா, மூன்றாவது ரவுண்டிலேயே காதைப் பொத்திக்கொண்டு விலகிப் போனான்.

யஹ்யா கீழக்கரைக்காரன். ஒரே மாவட்டம் என்பதால் இருவருக்கும் ஒட்டுதல். அடுத்த மாதம் தங்கை ஹிஃப்ஸாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முத்லக்கின் கையெழுத்துக்காகக் காத்திருந்தான்.

"அண்ணே, மூணும் ஒரே மாதிரி தானே சுடுது? அவுக கேக்குற இருவத்துநாலையே எழுதிட்டுப் போங்களேன். உங்க விசாவும் அடிச்சு வந்துரும், என் லீவும் கிடைச்சுரும்."

அந்த யோசனை கார்மேகத்துக்கும் வந்திருந்தது. அட்டைகளைச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டு, "பாப்போம்டா தம்பி" என்றார்.

புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு வடக்கு வாசல் காவலாள் வாக்கிடாக்கியில் கத்தினான். வேலிக்கடியில் மணல் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது, ஏழெட்டு நாய் உள்ளே போய்விட்டது. ரோடு வேலை முடிந்து கேம்ப்கள் கலைந்தபோது விட்டுப்போன நாய்கள் அவை. கூட்டம் சேர்ந்து காட்டுவிலங்காகவே ஆகிவிட்டிருந்தன. அது மான்கள் குட்டி போட்டிருக்கிற மாதம். பிறந்து நாலு நாளான குட்டி ஓடாது, தரையோடு படுத்துக்கொள்ளும்.

யஹ்யா பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். கார்மேகமும் இத்ரீஸும் பின்னால் ஏறி, கேபினுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இத்ரீஸ் கையில் பதினாறு. கார்மேகம் பதினெட்டை முதுகில் மாட்டியிருந்தார். முத்லக் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, துப்பாக்கிப் பெட்டியில் இருந்த இருபத்துநாலை எடுத்துக்கொண்டு, "மேகசின் கொடு" என்றான்.

கார்மேகம் ஒரு நொடி தயங்கினார். பிறகு தோட்டா நிரம்பிய மேகசினை எடுத்துக் கொடுத்தார்.

"சாப், வண்டி நிக்கிறவரைக்கும் துப்பாக்கி அறையில தோட்டா ஏத்த வேணாம்."

"தெரியும். யல்லா, கிளம்பு."

வண்டி கிளம்பியது. கேபினுக்குள் பேசுவதற்காகப் பின்பக்கக் கண்ணாடி எப்போதும் தள்ளித் திறந்தே இருக்கும். அதன் வழியாக கார்மேகத்துக்கு உள்ளே நன்றாகத் தெரிந்தது. முத்லக் வலது ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை வெளியே நீட்டி வைத்திருந்தான். முதல் மேட்டில் ஏறும்போது, எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, போல்ட் பின்னால் போய் முன்னால் வந்து அடைகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. பதினேழு வருடம் கேட்ட சத்தம், தவற வாய்ப்பில்லை. தோட்டா உள்ளே போய்விட்டது.

"சாப்" என்று கூப்பிட்டார். முத்லக் திரும்பவில்லை.

மேட்டின் உச்சியைத் தாண்டியதும் நாய்கள் கண்ணில் பட்டன. வலதுபக்கம் இல்லை, இடதுபக்கம், யஹ்யா உட்கார்ந்திருந்த பக்கம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி, ஒரு புதரைச் சுற்றி வட்டமாக. வண்டி சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

முத்லக் துப்பாக்கியை உள்ளே இழுத்து இடதுபக்கம் திருப்பப் பார்த்தான். நீளமான குழல், கதவின் தூணில் முட்டியது. பலமாக இழுத்தான். அது விடுபட்டு, விசையோடு கேபினுக்குள் சுழன்று, ஸ்டீயரிங்குக்கும் யஹ்யாவின் நெஞ்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டது. குழலின் வாய் யஹ்யாவின் தாடைக்குக் கீழே நின்றது. துப்பாக்கியின் பின்கட்டை முத்லக்குக்கும் அவன் பக்கத்துக் கதவுக்கும் இடையில் நெரிந்துகொண்டது. அவனால் முன்னாலும் தள்ள முடியவில்லை, பின்னாலும் இழுக்க முடியவில்லை. அவனுடைய விரல் டிரிகர் வளையத்துக்குள் இருந்தது. சேஃப்டி சுடும் நிலைக்குத் தள்ளிக் கிடந்ததைக் கார்மேகம் பார்த்தார்.

யஹ்யா அசையவில்லை. கண் மட்டும் கீழே போய்க் குழலைப் பார்த்தது. அவனுடைய வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பி பிரேக்கை நோக்கிப் போவதைக் கார்மேகம் கண்டார். பிரேக் பிடித்தால் முத்லக் முன்னால் சாய்வான். விரலும் கூடவே இழுக்கும்.

"யஹ்யா." கார்மேகம் கண்ணாடி வழியில் தலையை நுழைத்து, சத்தத்தை உயர்த்தாமல் தமிழில் சொன்னார். "பிரேக்கத் தொடாத. காலை எடுத்து சும்மா வை. வண்டி தானா நிக்கும். ஸ்டீயரிங்க நேரா புடி."

"அண்ணே."

"பேசாத. நேரா புடி."

வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கண்ணாடிச் சட்டம் விலாவில் அழுத்தியது. விரல்நுனி குழலைத் தொட்டது, பிடிக்க எட்டவில்லை. பின்னால் இருந்த இத்ரீஸ் என்ன நடக்கிறது என்று புரியாமலே, அவர் விழாதபடி இடுப்பு பெல்ட்டைப் பற்றிக்கொண்டார். வண்டி மணலில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு சாண் உடம்பை நுழைத்து, குழலைக் கையில் பற்றினார்.

"முத்லக் சாப், விரலை வெளிய எடுங்க."

முத்லக்கின் முகம் வெளுத்திருந்தது. அவன் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை.

கார்மேகம் குழலை மேலே தள்ளினார். ஸ்டீயரிங் வளையத்தில் உரசி, யஹ்யாவின் மூக்கைக் கடந்து, கண்ணைக் கடந்து, நெற்றிக்கு மேலே போனது. அந்தச் சமயத்தில் முன்சக்கரம் ஒரு மணல்திட்டில் ஏறி இறங்கியது.

துப்பாக்கி வெடித்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வண்டி தானாக நின்றுவிட்டிருந்தது. கேபின் முழுக்கப் புகை. யஹ்யாவின் தலைக்கு மேலே கூரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக வெயில் ஒரு கம்பி போல உள்ளே இறங்கியிருந்தது. யஹ்யா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கார்மேகம் அவன் கழுத்தை, தலையை, தோளைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. பிறகு உடம்பை வெளியே இழுத்துக்கொண்டு கீழே குதித்து, முத்லக்கின் பக்கத்துக் கதவைத் திறந்து, துப்பாக்கியைப் பிடுங்கி, மேகசினைக் கழற்றி, அறையில் இருந்த தோட்டாவை மணலில் தள்ளினார்.

இத்ரீஸ் அதற்குள் இறங்கி ஓடியிருந்தார். பதினாறைத் தோளில் வைத்து, நின்ற நிலையில் இரண்டு நாய்களை வீழ்த்தினார். மற்றவை வேலிப் பள்ளத்தை நோக்கி ஓடிவிட்டன. புதரடியில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. மூன்றாவது ஒன்று உயிரோடு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

திரும்பும்போது இத்ரீஸ் வண்டி ஓட்டினார்.

பொழுது சாய்வதற்குள் முத்லக் ஆயுத அறைக்கு வந்தான். கார்மேகம் மேஜையில் மூன்று துப்பாக்கிகளையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முத்லக் வாசலிலேயே நின்றான்.

"கூரை விஷயம் மாமாவுக்குப் போக வேண்டாம்."

கார்மேகம் துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கலாஸ், முடிஞ்சுது. நீ இருபத்துநாலு எழுது. உன் பாஸ்போர்ட் என் டிராயர்ல இருக்கு, ஞாயித்துக்கிழமையே விசாவுக்கு அனுப்புறேன்." குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரிகூட இருந்தது.

அவன் போன பிறகு யஹ்யா வந்தான். வலது காதில் பஞ்சு வைத்திருந்தான்.

"அண்ணே, எழுதிராதீங்க. வண்டிக்கு நான்தான் பொறுப்பு. கூரையில ஓட்டை எப்படின்னு கேட்டா, ஜாக்கிக் கம்பி குத்திருச்சுன்னு சொல்லிக்கிறேன். போலீஸ், விசாரணைன்னு போனா என்னைத்தான் முதல்ல ஊருக்கு அனுப்புவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் வெறுங்கையோட போய் நிக்கவா?"

"காது எப்படிடா இருக்கு?"

"என்ன அண்ணே?"

கார்மேகம் சத்தமாகத் திரும்பக் கேட்டார். "கொய்ங்குன்னுது. சரியாப் போயிரும்" என்றான் யஹ்யா.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அட்டையில் கண்ட அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். படித்துப் பார்த்தபோது அது உண்மைதான், ஆனால் அதில் எதுவுமே இல்லை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்கிற தாள் அது. அதைப் பார்த்துவிட்டு ஆபீஸ், முத்லக் கேட்டதையே வாங்கும். தப்பு இருபத்துநாலு இஞ்சில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். குழலுக்குள் தோட்டா இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் இரும்புக்குழாய். ஆனால் ஆறு பேர், ஆறு துப்பாக்கி, வருடம் முழுக்கப் பள்ளத்திலும் மேட்டிலும் ஓடுகிற வண்டி. ஒருநாள் ஒருவன் ஏற்றத்தான் செய்வான்.

அந்தத் தாளைக் கிழித்தார். டேப்பை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் போனார். கதவுத் தூணிலிருந்து ஸ்டீயரிங்வரை அளந்தார். காலித் துப்பாக்கி ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, உட்கார்ந்தபடியே இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குத் திருப்பிப் பார்த்தார். இருபத்துநாலு எப்படித் திருப்பினாலும் முட்டியது. பதினெட்டு, ஸ்டீயரிங்குக்கு இரண்டு விரல் இடம் விட்டுத் திரும்பியது. பதினாறு தாராளமாகத் திரும்பியது, ஆனால் வெட்டவெளியில் அதன் வெடிச்சத்தமும் நெருப்பும் சுடுகிறவனைத்தான் முதலில் தாக்கும். இந்த வண்டிக்குள் முட்டாமல் திரும்பக்கூடிய மிக நீளமான பேரல் பதினெட்டு. இதுதான் காரணம். இதை எழுதினால், ஏன் வண்டிக்குள் அளந்தாய் என்று கேள்வி வரும்.

அவர் டேப்போடு உட்கார்ந்திருக்கும்போதே அபு நாசரின் கார் வந்து நின்றது. மான்குட்டிகள் செத்த செய்தி கேட்டு, யாருக்கும் சொல்லாமல் அதிகாலையிலேயே அபுதாபியிலிருந்து கிளம்பியிருந்தார். எழுபது வயது. கைத்தடி ஊன்றி நேராக பிக்கப்புக்கு வந்தார். முத்லக் அலுவலகத்திலிருந்து வேகமாக நடந்து வந்தான்.

"என்ன அளக்கிறாய்?" என்று கேட்டார் உடைந்த உருதுவில்.

"பேரலுக்கு அர்பாப். பதினெட்டு வரைக்கும்தான் இந்த வண்டிக்குள்ள திரும்பும்."

கிழவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். யஹ்யா ஓட்டையை உள்பக்கம் டேப் ஒட்டி மறைத்திருந்தான். கிழவர் கைத்தடியின் நுனியால் டேப்பைக் கிழித்தார். வெயில் உள்ளே விழுந்தது.

"இது?"

யஹ்யா ஓரடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். முத்லக் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"குண்டு, அர்பாப்" என்றார் கார்மேகம். "ஓடுற வண்டியில தோட்டா ஏத்தியிருந்துச்சு. இவன் தலைக்கு ஒரு சாண் மேல போச்சு. மேகசினைக் கையில கொடுத்தவன் நான். வண்டி நிக்கும் முன்னாடி கொடுத்திருக்கக் கூடாது."

"சுட்டது யார்?"

கார்மேகம் வாயை மூடிக்கொண்டார். அதை அவர் சொல்வதாக இல்லை. வேலிப் பக்கம் மான் ஒன்று கனைத்தது.

"நான்" என்றான் முத்லக், அரபியில். பிறகு இன்னும் ஏதோ சொன்னான். கார்மேகத்துக்கு அதில் பாதிதான் புரிந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான் என்பது மட்டும் தெரிந்தது.

கிழவர் மருமகனை அதட்டவில்லை. யஹ்யாவைக் கூப்பிட்டு, அவன் தாடையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். காதில் இருந்த பஞ்சைக் கண்டு, முத்லக்கிடம் இரண்டு வார்த்தை சொன்னார். முத்லக் தன்னுடைய காரை எடுத்து வந்து, யஹ்யாவை முன்சீட்டில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"உனக்கும் இதில் பங்கு இருக்கிறது" என்றார் கிழவர் கார்மேகத்திடம்.

"இருக்கு, அர்பாப்."

"இந்த வருஷம் உனக்கு லீவு கிடையாது. அந்தத் தாளை எழுது."

பதினொன்றே முக்காலுக்கு ஃபேக்ஸ் போனது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனந்தகிருஷ்ணன் போனில் வந்தார். "கார்மேகம், பதினெட்டுன்னு போட்டிருக்கேள். சரி. காரணத்துல கூரையில ஓட்டைன்னு என்னவோ எழுதியிருக்கேளே, அதை அப்படியே ஃபைல்ல வைக்கணுமா?"

"அப்படியே வைங்க சார்."

துப்பாக்கிகள் ஜூலையில் வந்தன. கார்மேகத்தின் விசா ஏப்ரல் கடைசியில் அடித்து வந்தது. பாஸ்போர்ட்டை முத்லக்கே கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பருவம் முழுக்க அவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது மாமாவின் உத்தரவு. அதை மீறவில்லை. லீவு இல்லை என்று கார்மேகம் ஊருக்கு எழுதியபோது காரணம் எழுதவில்லை. மனைவி ராக்கம்மா இரண்டு மாதம் கடிதம் போடாமல் இருந்தார்.

யஹ்யா தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்தான். வலது காது பாதிதான் திரும்பியது. வந்ததும் ஜெபல் அலியில் இருக்கும் அர்பாபின் குடோனுக்கு மாற்றல் கேட்டான், ஜூலை கடைசியில் கொடுத்துவிட்டார்கள். புறப்படுகிற அன்று கார்மேகம் அவனை மெயின்ரோடு பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். கூரையை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்த அதே பிக்கப்தான். யஹ்யா முன்னால் உட்காரவில்லை, பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டான்.

"புதுத் துப்பாக்கி வந்துருச்சுடா. எந்தப் பக்கமும் முட்டாது" என்றார் கார்மேகம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவனுடைய இடதுபக்கம் போய் நின்றுகொண்டு.

"நல்லதுண்ணே. நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீங்க." யஹ்யா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா எனக்கு எத்தனை இஞ்சா இருந்தாலும் ஒண்ணுதாண்ணே. அந்த சீட்டுல உக்காந்தா கழுத்துக்குக் கீழ சில்லுன்னு இருக்கு."

பஸ் வந்தது. கார்மேகம் பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ் ருவைஸிலிருந்து வருகிற லாரிகளுக்கு நடுவே கலந்து மறைகிறவரை நின்றார். பிறகு பண்ணைக்குத் திரும்பினார். அன்று மாலை காவலர்களுக்குப் பயிற்சி இருந்தது.